மணிக்கட்டுப் பட்டை காட்டிய கலோரிக் கணக்கு: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடந்த செப்டம்பர் மாத இறுதியில் 3,499 ரூபாய் கொடுத்து ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கினேன். பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் தொழில். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் வேலை பார்க்க வேண்டியிருக்கும். மாலையில் தாள்களைக் கட்டி வைக்கும்போது நாள் முழுவதும் நாற்று நட்டவரைப் போல உடம்பு துவண்டுபோகும். இந்தக் களைப்புக்கு உடலில் ஏதேனும் செலவுக்கணக்கு இருக்கிறதா, மூளையால் உழைப்பவருக்கும் எடை குறையுமா என்ற கேள்வி எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. நாள் முழுவதும் செலவாகும் ஆற்றலை அளந்து காட்டும் என்று பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்த உறுதிமொழியை நம்பித்தான் அதை வாங்கினேன்.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை, நாடித்துடிப்பை வைத்துக் கலோரி கணக்கிடும் எந்தப் பட்டைக்கும் ஏறக்குறைய பொருந்தக்கூடியது. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை மின்னேற்றினால் ஒன்பது நாள் தாங்குகிறது. இரவில் எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை மணிக்கு விழித்தேன் என்பதை ஏறக்குறையச் சரியாகக் காட்டுகிறது. ஓய்வாக இருக்கும்போது அது காட்டும் நாடித்துடிப்பை, கழுத்துத் தமனியில் விரல் வைத்துக் கடிகாரம் பார்த்து எண்ணிப் பலமுறை ஒப்பிட்டிருக்கிறேன். இரண்டு மூன்று துடிப்புக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. தமிழில் வரும் குறுஞ்செய்திகளை மட்டும் அது சிதைத்துக் காட்டுகிறது. கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கும்போது என் தொழில்புத்தி பதறுகிறது. அது இந்த மதிப்பீட்டுக்குப் பெரிய விஷயமன்று.

பெரிய விஷயம் கலோரிப் பக்கம்தான். செயலியைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று அன்றைய மொத்தச் செலவு. மற்றொன்று இயக்கத்தால் ஏற்பட்ட கூடுதல் செலவு. நவம்பர் மாதத்தில் ஒரு நாள், மருத்துவக் கலைச்சொல் அகராதி ஒன்றின் இறுதி மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் மூன்று பத்தி, பத்திக்கு நாற்பது பதிவு, ஒவ்வொன்றிலும் ஒற்று மிகுமா மிகாதா என்ற கவலை. அந்த மூன்று மணி நேரத்தில் என் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 94-க்கும் 102-க்கும் இடையில் இருந்தது. வழக்கமாக உட்கார்ந்திருக்கும்போது 72 இருக்கும். வேலை முடிந்து செயலியைப் பார்த்தபோது, அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூடுதல் செலவாக 318 கலோரி என்று காட்டியது. காலையிலிருந்து நான் நடந்தது நானூறு அடிகூட இல்லை.

அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. என் களைப்புக்கு யாரோ சாட்சி சொன்னதுபோல இருந்தது. செலவானதைத்தானே ஈடுகட்டுகிறோம் என்ற நினைப்பில் அன்று மாலை தெருமுனைக் கடையிலிருந்து இரண்டு போண்டாவும் சர்க்கரை போட்ட தேநீரும் வரவழைத்துச் சாப்பிட்டேன். அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே நடந்தது. ஏழு வாரம் கழித்து எடை பார்த்தபோது 61.4 கிலோவாக இருந்தது 63.2 கிலோவாகியிருந்தது.

கூடிய 1.8 கிலோவும் கொழுப்பே என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்குப்படி, நான் 49 நாள்களில் ஏறத்தாழ 13,900 கலோரி மிகுதியாக உண்டிருக்கிறேன்; ஒரு நாளைக்குச் சுமார் 280 கலோரி. நான் அசையாமல் உட்கார்ந்திருந்த வேலை நாள்களில் பட்டை எனக்கு வரவு வைத்த கூடுதல் கலோரியும் பெரும்பாலும் 250-க்கும் 320-க்கும் இடையில்தான் இருந்தது. உடல் செலவழிக்காத ஒன்றைச் செலவழித்ததாகப் பட்டை எழுதியது. நான் அதை வாயால் ஈடுகட்டினேன். கணக்கு அச்சாகப் பொருந்தியபோதுதான், இந்தக் கருவி எதை அளக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வந்தது.

பட்டையின் அடிப்புறத்தில் பச்சை விளக்கு மினுங்குகிறது. தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் அளவு ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது; அதிலிருந்து துடிப்பை எண்ணுகிறது. கையின் அசைவை அறிய உள்ளே ஒரு முடுக்கமானி இருக்கிறது. வயது, பாலினம், உயரம், எடை ஆகியவற்றை நாமே பதிந்திருப்பதால், சும்மா இருந்தாலே ஆகும் செலவை ஒரு சூத்திரத்தில் போட்டு வைத்துக்கொள்கிறது. துடிப்பு ஓய்வுநிலை அளவுக்குமேல் ஏறினால், தசைகள் வேலை செய்கின்றன, அவற்றுக்குக் கூடுதல் ஆக்சிஜன் போகிறது என்று எடுத்துக்கொண்டு கலோரியைக் கூட்டுகிறது. ஓடும்போதும் மாடிப்படி ஏறும்போதும் இந்த ஊகம் ஓரளவு நியாயமானதே. மனம் பதறும்போது அப்படியன்று. அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. கால் தசையோ கைத் தசையோ அதற்கேற்ற ஆக்சிஜனைக் கேட்பதில்லை. வண்டி நின்ற இடத்திலேயே இயந்திரத்தின் உறுமல் மட்டும் கூடியதைக் கேட்டு, இத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுவதற்கு ஒப்பான பிழை இது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், அதே மேசை, அதே நாற்காலி. முதல் ஞாயிறு கடினமான மெய்ப்பு. இரண்டாவது ஞாயிறு பழைய வார இதழ்களைப் பொழுதுபோக்காகப் புரட்டினேன். மூன்றாவது ஞாயிறு அதே இதழ்களைத் திக்கான டிகாஷனில் இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுப் புரட்டினேன். நான்காவது ஞாயிறு மறுபடியும் கடினமான மெய்ப்பு. ஆனால் நேர நெருக்கடி இல்லை, யாரும் காத்திருக்கவில்லை. காபி குடித்த நாளில் பட்டை தந்த கூடுதல் கலோரி, முதல் ஞாயிற்றின் மெய்ப்புக்குத் தந்ததில் பாதிக்குமேல் இருந்தது. நெருக்கடி இல்லாத நான்காவது ஞாயிற்றிலோ, மூளை அதே அளவு உழைத்தும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதாவது பட்டை என் சிந்தனையை ஒருநாளும் அளக்கவில்லை. என் பதற்றத்தை அளந்துகொண்டிருந்தது. பக்க வரிசை மாறிப் போனது குறித்து அச்சகத்தோடு தொலைபேசியில் இருபது நிமிடம் வாதிட்ட ஒரு மாலையை அது மிதமான உடற்பயிற்சி என்று பதிவு செய்து பாராட்டும் தெரிவித்தது.

சிந்தனைக்கு உண்மையில் எவ்வளவுதான் செலவாகிறது? மூளையின் எடை 1.4 கிலோ அளவில்தான். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. என்னைப் போன்றவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 முதல் 300 கலோரி. இந்த எண்ணைக் கேள்விப்படுபவர் பலரும், இவ்வளவு தின்னும் உறுப்பைக் கடினமாக வேலை வாங்கினால் இன்னும் எவ்வளவு தின்னும் என்றே எண்ணத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். கை தசையைப் போல மூளை சும்மா இருப்பதும் பிறகு வேலை செய்வதுமாக இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. நரம்பு உயிரணுக்களின் சவ்வுக்கு இருபுறமும் சோடியமும் பொட்டாசியமும் அதனதன் அளவில் நிற்கும்படி இறைத்துக்கொண்டே இருப்பதும், நாம் கேளாமலே நினைவுகளும் புலன்களும் தமக்குள் பேசிக்கொண்டிருப்பதும் அதன் அன்றாடப் பெருஞ்செலவு. தூக்கத்திலும் அது முழுதாக நிற்பதில்லை. ஒரு குறிப்பிட்ட வேலையில் கவனத்தைக் குவிக்கும்போது மூளையின் ஒரு சிறு பகுதியில் செலவு கூடுகிறது. அந்தக் கூடுதல், அடிப்படைச் செலவில் பெரும்பாலும் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று மார்கஸ் ரைக்கல் போன்ற மூளைப் படமெடுப்பு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் 1940-களில் நைட்ரஸ் ஆக்சைடைச் சுவாசிக்கக் கொடுத்து மூளையின் இரத்த ஓட்டத்தை அளக்கும் முறையைக் கண்டார்கள். லூயி சோக்கலாஃபும் கெட்டி உள்ளிட்ட அவருடைய குழுவினரும் அதே முறையைக் கொண்டு, மனக்கணக்குப் போடும் இளைஞர்களை 1955-இல் அளந்து பார்த்தபோது, மூளை முழுவதும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் மாற்றமே தெரியவில்லை.

இதற்கும் முந்தைய ஒரு சோதனை என் மனத்தை மிகவும் கவர்ந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், ஒரு மனிதர் உள்ளே உட்கார்ந்திருக்கக்கூடிய அளவுக்கு கலோரிமானி அறை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். உள்ளிருப்பவர் வெளிவிடும் வெப்பத்தையும் சுவாசிக்கும் காற்றையும் ஒரு துளி வீணாகாமல் அளக்க முடியும். ஃபிரான்சிஸ் பெனடிக்டும் தார்ன் கார்பென்டரும் கல்லூரி மாணவர்களை அதற்குள் உட்காரவைத்து, அவர்களுடைய உண்மையான தேர்வுகளையே எழுதச் செய்தார்கள். பிறகு வேறொரு நாளில் அதே அறையில், அதே அளவு நேரம், அச்சடித்த எதையாவது பார்த்து வெறுமனே நகலெடுக்கச் சொன்னார்கள். 1909-இல் வெளியான அந்த ஆய்வில், தேர்வெழுதிய நேரத்துக்கும் நகலெடுத்த நேரத்துக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு தென்படவில்லை. தேர்வு மண்டபத்தில் உள்ளங்கை வியர்த்து உட்கார்ந்த அனுபவம் உள்ள எவருக்கும் இதை ஏற்றுக்கொள்வது எளிதன்று. எனக்கும் எளிதாக இல்லை.

பெனடிக்ட் அத்தோடு விடவில்லை. பாஸ்டன் ஆய்வகத்தில் தம் மனைவி கார்னீலியாவோடு சேர்ந்து மேலும் நுட்பமாக அளந்தார். கடினமான மனக்கணக்குப் போட்டபோது உடலின் மொத்தச் செலவு 3, 4 சதவீதம் கூடியது. அதிலும் ஒரு பங்கு, துடிப்பும் மூச்சும் சற்றே விரைந்ததால் வந்தது. ஒரு மணி நேரத் தீவிர மன உழைப்புக்குத் தேவைப்படும் கூடுதல் ஆற்றலை உப்புப் போட்ட வேர்க்கடலையில் பாதி ஈடுகட்டிவிடும் என்று அவர் 1930-இல் எழுதினார். இதைப் படித்த அன்று அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து வறுத்த கடலை ஒன்றை எடுத்து, மேல்தோலை ஊதிவிட்டு, இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். என் ஒரு மணி நேரம் அங்கே கிடந்தது. தாராளமாக 3 கலோரி என்று வைத்துக்கொண்டாலும் பத்து மணி நேரத்துக்கு 30 கலோரி, ஐந்து கடலை. வேறு எதையும் கூடுதலாகச் சாப்பிடாமல் இருந்தாலும், இந்தக் கணக்கில் ஒரு கிலோ குறைய 250 நாள்களுக்குமேல் விடாமல் மெய்ப்புப் பார்க்க வேண்டும். அகராதி வேலை நடந்த அந்த மூன்று மணி நேரத்துக்குக் கிடைக்க வேண்டிய நேர்மையான வரவு 9 கலோரி. பட்டை எழுதியது 318.

என் அண்ணன் மகன் சதுரங்கம் ஆடுபவன். இதைச் சொன்னபோது அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "அத்தை, பெரிய ஆட்டக்காரர்கள் போட்டி நாளில் 6,000 கலோரி செலவழிப்பதாக எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்களே, 1984 உலகச் சாம்பியன் போட்டியில் கார்ப்போவ் பத்துக் கிலோ இளைத்தாரே" என்று கேட்டான். நியாயமான கேள்விதான் என்பதால் அதையும் உட்கார்ந்து பார்த்தோம். 6,000 கலோரி என்பது பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் நாள் முழுவதும் மலையேறி மிதிப்பவர் செலவிடும் அளவு. நாற்காலியில் இருப்பவர் அதை எட்டினால் அந்த வெப்பத்தை வெளியேற்றவே உடல் திணறும். துடிப்பும் மூச்சும் போட்டியின்போது ஏறுவதை அளந்து, அதைப் பெருக்கிச் சொன்ன எண் அது. என் பட்டை செய்த பிழையின் பெரிய வடிவம். கார்ப்போவ் இளைத்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். மாஸ்கோவில் 1984 செப்டம்பர் 10 அன்று தொடங்கி, 48 ஆட்டங்களுக்குப் பிறகும் முடிவு காணாமல், 1985 பிப்ரவரி 15 அன்று நிறுத்தப்பட்ட போட்டி அது, 158 நாள்கள். பத்துக் கிலோவை அத்தனை நாளுக்கும் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 490 கலோரி வருகிறது. ஒருவேளைச் சாப்பாட்டின் அளவுதான் அது. ஐந்து மாதம் கவலையோடு இருப்பவர் ஒருவேளைச் சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்திருப்பார், தூங்காமல் அறைக்குள் நடந்துகொண்டிருப்பார் என்று நினைப்பதற்கு மூளை எரிந்தது என்ற விளக்கம் தேவையில்லை. அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, போட்டி நாள்களில் தனக்கும் மதியச் சாப்பாடு இறங்குவதில்லை என்றான்.

அப்படியானால் என் களைப்பு பொய்யா என்றால், இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உட்கார்ந்து செய்யும் வேலையில் என்ன களைப்பு என்று கேட்பவர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு; அவர்கள் கையில் இந்தக் கட்டுரையை ஆயுதமாகக் கொடுக்க எனக்கு மனமில்லை. பாரிஸ் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு மணி நேரத்துக்குமேல் கடினமான மனவேலை செய்தவர்களின் முன்மூளைப் பகுதியில், எளிய வேலை செய்தவர்களைவிட அதிகமாகக் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். அவர்கள் தரும் விளக்கத்தின்படி, சேர்ந்ததை அப்புறப்படுத்தும்வரை மேலும் கவனத்தைச் செலுத்துவது கடினமாகிறது. எரிபொருள் தீர்ந்து வரும் களைப்பு வேறு, கழிவு அகலாமல் வரும் களைப்பு வேறு. இரண்டாவது வகைக்குப் போண்டா மருந்தன்று. தூக்கமும் இடைவெளியும்தான் மருந்து. களைப்பு உண்மை என்பதாலேயே கலோரிச் செலவும் உண்மை என்று நான் முடிச்சுப் போட்டதுதான் தவறு.

எடையைப் பொறுத்தவரை மன உழைப்புக்குத் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தொடர்பு நாம் எதிர்பார்க்கும் திசைக்கு நேர் எதிரானது. கனடாவின் கியூபெக் நகரில் உள்ள லவால் பல்கலைக்கழகத்தில் ஷான்-ஃபிலிப் ஷப்புவும் ஆஞ்சலோ ட்ரம்ப்ளேயும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 14 மாணவிகள் கலந்துகொண்டனர். 45 நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது, ஒரு பகுதியைப் படித்துச் சுருக்கி எழுதுவது, கணினியில் தேர்வுகளுக்கு விடை அளிப்பது என்று மூன்று வகை. மன வேலைக்கு ஓய்வைவிடக் கூடுதலாகச் செலவானது 3 கலோரி மட்டுமே. அதன்பின் விரும்பியதை விரும்பிய அளவு சாப்பிடச் சொன்னபோது, படித்து எழுதியவர்கள் ஓய்வெடுத்த நாளைவிட 203 கலோரியும், கணினித் தேர்வு செய்தவர்கள் 253 கலோரியும் அதிகமாக உண்டார்கள். எனக்கு நாளொன்றுக்கு மிகுந்த 280 கலோரியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, என் மேசையையே யாரோ தூரத்திலிருந்து பார்த்து எழுதிவிட்டதுபோல இருந்தது. தலையால் செய்யும் வேலை உடலைக் கரைப்பதில்லை, பசியைத் தூண்டுகிறது. அப்படிப் பசி எடுக்கும் அதே நேரத்தில், நீ 318 கலோரி செலவழித்திருக்கிறாய் என்று ஒரு கருவி அதிர்ந்து சொல்வது சிறிய பிழையன்று. எடையைக் கவனிக்க வாங்கிய பொருளே எடையைக் கூட்டுவதற்கு அனுமதிச் சீட்டு எழுதித் தருகிறது.

இது ஒரு நிறுவனத்தின் அலட்சியம் மட்டும் அன்று என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஒப்பீடு சான்று. ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளை 60 பேருக்குக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துப் பார்த்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. ஆற்றல் செலவில் மிகச் சரியாகக் காட்டிய கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது; மிக மோசமானது 93 சதவீதம். உடலை அசைத்துச் செய்த வேலையிலேயே இந்த நிலை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நடைப்பயிற்சியின் நேரத்தையும் தூக்கத்தையும் ஓய்வுநிலை நாடித்துடிப்பையும் தொடர்ந்து குறித்து வைக்க விரும்புபவருக்குக் கொடுத்த காசுக்கு ஏற்ற பொருள் இது. அந்த அளவில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். மேசை வேலை செய்பவர், தேர்வுக்குப் படிப்பவர், கணினி முன் அமர்ந்திருப்பவர் தம் சாப்பாட்டின் அளவைத் தீர்மானிக்க வாங்குவதானால், கலோரிக் கணக்குக்கு நான் தரும் மதிப்பெண் ஒன்று. விற்கும் நிறுவனங்கள் மனம்வைத்தால் இதைச் சரிசெய்வது கடினமன்று என்றே நினைக்கிறேன். முடுக்கமானி அசைவே இல்லை என்று சொல்லும்போது, துடிப்பு ஏறியதை மட்டும் வைத்துக் கலோரியைக் கூட்டாதிருந்தால் போதும்; அதை மனப்பதற்றம் என்று தனியே காட்டலாம். வாடிக்கையாளர் சேவைக்கு இதை எழுதி அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது.

செயலியின் முகப்பிலிருந்து கலோரிக் கட்டத்தை நீக்கிவிட ஒரு வழி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் முகப்பு அட்டைகள் என்ற இடத்தில் அணைத்துவிடலாம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அதைச் செய்தேன். ஐம்பது நிமிடம் அசையாமல் இருந்தால் மணிக்கட்டில் அதிரும்படி வைத்திருக்கிறேன். அது அதிரும்போது எழுந்து மொட்டை மாடிக்குப் போய் நான்கு சுற்று நடந்துவிட்டு வருகிறேன். அப்போது ஏறும் துடிப்புக்குக் கால்கள் வேலை செய்திருக்கின்றன. இன்று காலை எடை 62.1 கிலோ.